பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்தால் வெளிவரும் மரண அறிவித்தலுக்கு நெடுங்காலமாக ஒரே அமைப்புத்தான் இருந்து வருகின்றது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாளில் இறைபதம் எய்தினார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் பாசமிகு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் மைத்துனரும் ஆவார். ஈமக்கிரியைகள் நடைபெற்றுப் பூதவுடல் இன்ன மயானத்தில் தகனம் செய்யப்படும். சிறுவயதில் வீரகேசரியிலும் பின்னர் உதயனிலும் இந்த வாசகங்களைப் படித்துப் படித்து அவை எனக்கு மனப்பாடமாகிவிட்டன. உறவினர் ஒருவரும் விடுபட்டுவிடக் கூடாது என்ற கவனத்தோடு எழுதப்படும் அந்த அறிவித்தலில், இறந்தவர் பதவி வகித்தவராயின் பெயரோடு அந்தப் பதவி சேர்ந்து வரும். எங்கே படித்தார், எந்த வாங்கில் யாரோடு அமர்ந்திருந்தார், எதில் கெட்டிக்காரர் என்பவற்றுக்கு அதில் இடமில்லை. இடமில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது உறவினருக்கான அறிவித்தல். ஆனால் கூடப் படித்தவர்களுக்கு அந்த அறிவித்தல் போதாது என்பதை, எங்கள் கல்லூரியின் மறைந்த பழைய மாணவர்களுக்கு ஒரு நினைவுநூல் தொகுக்கும் பொறுப்பை ஏற்ற பிறகுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

இலங்கையின் வடக்கில், போரால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த எங்கள் வன்னியைப் பொறுத்தவரை அந்த அறிவித்தலின் முதல் வரியே சிக்கலானது. பிறப்பிடம் ஒன்றுதான், வதிவிடம் எது? எங்கள் வகுப்பில் படித்த ஒருவருடைய வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது, அவர் குடும்பத்தோடு குடியிருந்த இடங்களை அவருடைய மனைவி விரல் மடித்து எண்ணினார். ஒட்டுசுட்டான், மல்லாவி, மீண்டும் ஒட்டுசுட்டான், தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், பிறகு செட்டிகுளத்து முகாம், அதன் பிறகு உறவினர் வீடு, கடைசியில் பழைய காணியில் தறப்பாள் கொட்டில், பின்னர் அதே காணியில் வீட்டுத்திட்ட வீடு. இத்தனையையும் சொல்லிவிட்டு, "எதை வதிவிடமெண்டு போடுறது, நீங்களே சொல்லுங்கோ அண்ணை" என்றார். நான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். ஒன்றை மட்டும் தெரிந்தெடுப்பது அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குச் செய்யும் நீதியாக எனக்குத் தோன்றவில்லை.

நான் விவசாயப் போதனாசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன். முல்லைத்தீவு மாவட்டத்தின் குளக்கட்டுகளும் வாய்க்கால்களும் அவற்றின் ஓரத்துக் குடும்பங்களும் எனக்குத் தொழிலால் பழக்கமானவை என்பதால், ஓய்வுபெற்றதும் பழைய மாணவர் சங்கத்தார் இந்தப் பணியை என்னிடம் ஒப்படைத்தனர். என் குறிப்பேட்டில் இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. இப்பதிவில் எவருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை; குடும்பத்தார் ஒப்புதல் தந்தது நூலுக்கு மட்டுமே.

பணியைத் தொடங்கிய முதல் மாதத்திலேயே நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இறந்த ஒரு நண்பரின் பெயரைச் சொன்னதும், இன்னொரு நண்பர் உடனே எனக்குச் சொன்னது அவர் எங்கே, எப்படி இறந்தார் என்பதைத்தான். இடம், நாள், யார் தூக்கினார்கள், எங்கே புதைத்தார்கள் என்பதெல்லாம் துல்லியமாக வந்தன. "அதுக்கு முன்னம்?" என்று கேட்டால் நீண்ட அமைதி. பின்னர், "நல்ல பெடியன்" என்ற ஒரு சொல். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரை அவருடைய கடைசி அரைமணி நேரம் விழுங்கிவிட்டிருந்தது. இது சொன்னவருடைய குற்றமல்ல. நாங்கள் கண்ட சாவுகள் அப்படிப்பட்டவை. அவற்றைச் சொல்லாமல் கடந்துபோவதும் முடியாது. அவற்றைச் சாட்சியமாகச் சொல்வதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆனால் கல்லூரி தன் மாணவரை நினைக்கும் நூலில் அவர் வாழ்ந்ததுதான் எழுதப்பட வேண்டும் என்று நான் உறுதியாக முடிவு செய்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இறந்த நாள் இருக்கும். எப்படி என்பது இருக்காது.

இந்த முடிவுக்கு நான் வந்ததில் கற்சிலைமடுவில் நின்ற ஒரு கல்லுக்கும் பங்குண்டு. ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள அந்த இடத்தில், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியனைப் பற்றி ஆங்கிலேயர் நாட்டிய கல்லில், கப்டன் வொன் டிறிபேர்க் இவ்விடத்தில் 1803 ஒக்டோபர் 31 அன்று பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்ற செய்தி மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தது. பாடசாலையிலிருந்து எங்களை அங்கே அழைத்துச் சென்றபோது வரலாற்று ஆசிரியர் அந்த வரியை வாசித்துத் தமிழில் சொன்னார். அந்த மனிதன் எந்தக் குளத்தைத் திருத்தினான், யாரோடு உறவாடினான், எவருக்கு நெல் கொடுத்தான் என்பதில் ஓர் எழுத்தும் அந்தக் கல்லில் இல்லை. தோற்ற நாள்தான் இருந்தது. வென்றவன் எழுதினால் அப்படித்தான் எழுதுவான். எங்களவரைப் பற்றி நாங்களே எழுதும்போதும் வீழ்ந்த நாளையே எழுதி வைப்பதா என்ற கேள்வி அண்மைக் காலத்தில்தான் எனக்குள் எழுந்தது.

வாழ்க்கையை எழுதுவது என்று முடிவெடுத்துவிட்டால் அடுத்த கேள்வி, எதை வைத்து எழுதுவது என்பது. எங்கள் கல்லூரியின் சேர்வு இடாப்புகள், பரீட்சைப் பெறுபேற்றுப் பதிவுகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள் எவையும் எஞ்சவில்லை. 2010இல் பாடசாலை மீண்டும் தொடங்கியபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தன்று கல்வெட்டு என்று ஒரு சிறு நூல் அச்சிட்டு வழங்குவார்கள். திதி வெண்பா, குல வரலாறு, தேவாரங்கள், வாழ்க்கைக் குறிப்பு, படம் எல்லாம் அதில் இருக்கும். அப்படிப்பட்ட நினைவுமலர்கள் பலவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இன்று எவரும் வாசிக்கலாம். வன்னியிலும் வசதியும் அமைதியும் இருந்த காலத்தில் கல்வெட்டு அடித்தார்கள். ஆனால் 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் இருந்த ஊரில் கொப்பித்தாளே கிடைப்பது அரிது. போரின் கடைசி மாதங்களில், 2009இல் இறந்தவர்களுக்கோ முப்பத்தோராம் நாளே வரவில்லை. அந்த நாளில் வீட்டார் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தார்கள்.

ஆகவே எங்களுக்குக் கிடைத்த மூலாதாரம் சான்றிதழ்ப் பைதான். வன்னியில் இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் அப்படி ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பெறுபேறு ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி, இரவில் தலைமாட்டில் வைத்து, பதுங்குகுழிக்குள்ளும் கூடவே கொண்டு இறங்கிய பை. அந்தப் பைகளுக்குள் நான் எதிர்பாராதவை இருந்தன. ஒரு தாய் மகனுடைய க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றைத் தவறவிட்டிருந்தார். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டியில் நீளம் பாய்தலில் இரண்டாமிடம் பெற்றதற்கான அட்டையைக் காப்பாற்றியிருந்தார். எது முக்கியம் என்று அவர் அந்த நேரத்தில் நின்று யோசித்திருக்க முடியாது. கைக்கு வந்தது வந்தது. அந்த அட்டைதான் இன்று அந்த மகனுடைய பக்கத்தின் தொடக்கம்.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். பல வீடுகளில் எஞ்சியிருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கக் கொடுத்தபோது ஸ்ரூடியோக்காரர் கோட்டும் ரையும் பொருத்தி, பின்னால் நீல வானத்தையும் போட்டுக் கொடுத்திருப்பார். பிள்ளையை மதிப்போடு சுவரில் வைக்க வேண்டும் என்ற குடும்பத்தாரின் விருப்பம் அது. உயிரோடிருந்தபோது கோட்டே போட்டறியாத என் நண்பர்கள் பலரை நான் அந்தக் கோலத்தில் பார்த்தேன். அந்தப் படத்தை மறுப்பதற்கு எனக்கு உரிமையில்லை. எனினும் நூலுக்கு, சேட்டும் கலைந்த தலையுமாகக் குழுப்படத்தில் நிற்பது கிடைத்தால் அதையே கேட்டு வாங்குகின்றேன்.

இப்படித் தொகுத்த வாழ்க்கைகளில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். அவர் என் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் படித்தவர். பல்கலைக்கழகத்துக்குப் போதிய புள்ளிகள் வரவில்லை. மலேரியாத் தடுப்புப் பணியில் களப்பணியாளராகச் சேர்ந்தார். வன்னியில் மலேரியா என்றால் என்ன என்று இன்றைய இளையவர்களுக்குத் தெரியாது; வருடத்தில் இரண்டு மூன்று தடவை காய்ச்சல் வந்து, போர்வைக்குள் பல் கிட்டி நடுங்கி, கசப்புக் குளிசையை விழுங்கி எழும்புவது எங்கள் இளமையின் ஒரு பகுதி. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டில் பெருந்தொகையான மக்கள் வன்னிக்குள் வந்து காட்டோரங்களில் கொட்டில் போட்டபோது, இந்தக் காய்ச்சலுக்குப் பழக்கப்படாத அந்த மக்கள் வீடு வீடாக விழுந்தார்கள். எரிபொருள் தடை. மருந்துத் தட்டுப்பாடு. என் நண்பர் ஒரு சைக்கிளில், கண்ணாடித் தகடுகள் வைத்த மரப்பெட்டியைக் கரியலில் கட்டிக்கொண்டு, முத்தையன்கட்டு, அம்பகாமம், கருப்பட்டமுறிப்பு, மாங்குளம், துணுக்காய் என்று நாள்தோறும் போனார். காய்ச்சல்காரரின் விரல் நுனியைக் குத்தி ஒரு துளி இரத்தத்தைத் தகட்டில் பூசி, உலர்த்தி, இலக்கமிட்டு, நுணுக்குக்காட்டி இருக்கும் இடத்துக்குக் கொண்டு சேர்த்து, முடிவு வந்ததும் குளிசையோடு திரும்பி அதே கொட்டிலைத் தேடிப் போவது அவர் வேலை. இடையில் அந்தக் கொட்டில் வேறிடத்துக்குப் போயிருக்கும். தேடிக் கண்டுபிடிப்பார். தகடுகள் தட்டுப்பாடானபோது பழையவற்றைக் கழுவி, அவித்து, துடைத்து மறுபடி பயன்படுத்தினார் என்று அவருடைய மகள் சொன்னார்; வீட்டுக் கொடியில் துணிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் தகடுகள் காய்ந்துகொண்டிருந்தது பிள்ளையின் நினைவில் நிற்கின்றது.

"மாமா, அப்பா ஊசி குத்துறதுக்கு முதல் வாய்ப்பாடு கேப்பார்" என்றும் அந்த மகள் சொன்னார். அதை நான் வேறொரு இடத்தில் உறுதிப்படுத்திக்கொண்டேன். மாங்குளத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், தான் ஏழு வயதில் இடம்பெயர்ந்து வந்து பாலை மரத்தடிக் கொட்டிலில் காய்ச்சலோடு கிடந்ததையும், சைக்கிளில் வந்த ஐயா விரலைப் பிடித்துக்கொண்டு எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னதையும், ஏழெட்டு எவ்வளவு என்று தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் குத்தி முடித்துவிட்டதையும் சொன்னார். ஐம்பத்தாறு என்ற விடையை அந்த ஐயாவே சொல்லிவிட்டுப் போனாராம். எங்கள் வகுப்பில் கணிதத்தில் அவர் முதல்வர் அல்லர். ஆனால் வாய்ப்பாட்டைப் பாட்டுப் போல ஓதுவார். மாலையில் வீட்டு முற்றத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து வைத்து மெல்லிய திரியில் எரியவிடும் விளக்கைச் சுற்றி அயற்பிள்ளைகளை இருத்தி, அதே வாய்ப்பாட்டைப் பணம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் இலங்கைக்கு வழங்கியது. அதை அவர் காணவில்லை. அந்தச் செய்தி வானொலியில் வந்த அன்று நான் வயலில் நின்றேன். என் நினைவுக்கு வந்தது அவருடைய மரப்பெட்டிதான்.

இன்னொருவர் எங்களுக்குப் பல ஆண்டுகள் பிந்திப் படித்த பெண். வகுப்பறைக் கரும்பலகையின் மேல் மூலையில் நாளொரு நற்சிந்தனை எழுதும் வேலை, எழுத்தழகுக்காக ஆசிரியர் அவரிடம் கொடுத்தது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அவர் கண்ணிவெடி அகற்றும் பணியில் சேர்ந்தார். கணவர் இல்லாத வீட்டுக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. தலையை மூடும் கனத்த முகக்காப்போடு வெயிலில் முழந்தாளிட்டு, ஒரு மீற்றர் அகலத்தில் நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்து முன்னேறும் வேலை அது. முகமாலையில் அவரோடு வேலை செய்த பெண்ணிடம் கேட்டேன்: அவரைப் பற்றி எது நினைவிருக்கின்றது? "அவவின்ர கையெழுத்துத்தான் ஐயா. துப்புரவாக்கின அளவை அண்டண்டைக்கு எழுதுற புத்தகத்தை அவ எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும்." ஆசிரியர் கண்டதையே இருபது ஆண்டுகள் கழித்துக் களத்தில் நின்ற தோழியும் கண்டிருக்கின்றார். அவர் துப்புரவாக்கிய நிலத்தில் இன்று தென்னங்கன்று வைத்திருக்கின்றார்கள். அவருடைய பக்கத்தில் இந்த இரண்டையும் எழுதினேன், வேறொன்றும் தேவைப்படவில்லை.

நூலுக்காக நான் புத்தளத்துக்கும் போனேன். நீராவிப்பிட்டியிலிருந்து சைக்கிளில் வந்து படித்த எங்கள் முஸ்லிம் தோழர் ஒருவர் நானூறு மீற்றர் ஓட்டத்தில் கல்லூரிக்குப் பெருமை சேர்த்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவருடைய குடும்பமும் போனது. எடுத்துச் செல்ல முடிந்தது மிகச் சொற்பம். அவரோடு படித்த நாங்கள் அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் பிறகும் நெடுங்காலம் அவரைத் தேடவில்லை. தேடிப் போனபோது அவர் இல்லை. மறைந்த மாணவர் பட்டியலை நினைவிலிருந்து தயாரித்தபோது முதலில் அவருடைய பெயர் அதில் வரவேயில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கின்றேன். அந்தத் தவறு என்னுடையது. அவருடைய தங்கை தேநீர் தந்து உபசரித்து, ஓர் அலுமினியப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். 1982ஆம் ஆண்டு விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ். கல்லூரியின் இலச்சினையும் அன்றைய அதிபரின் பச்சை மைக் கையொப்பமும் அதில் இருந்தன. அந்த அதிபரின் கையொப்பத்தோடு இன்று எங்களிடம் இருக்கும் ஒரே தாள் அதுதான். ஊரில் இருந்த நாங்கள் எல்லாவற்றையும் இழந்துவிட்டிருந்தோம். ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர் வீட்டில் கல்லூரி இருந்தது. நூலின் முதற்பக்கத்தில் அந்தச் சான்றிதழின் படம்தான் வரும்.

எல்லோருக்கும் ஒரே அளவில் ஒரு பக்கம் என்ற விதியை நாங்கள் ஆரம்பத்திலேயே வைத்தோம். வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பத்தார், தங்கள் சகோதரர் பெரிய பதவியில் இருந்தவர், ஆகவே வண்ணத்தில் நான்கு பக்கம் வேண்டும், அச்சுச் செலவு முழுவதையும் தாங்களே ஏற்பதாகக் கூறினர். மரியாதையோடு மறுத்துவிட்டோம். மருத்துவருக்கும் பொறியியலாளருக்கும் எழுதுவது எளிது. பட்டங்களே பக்கத்தை நிரப்பிவிடும். நந்திக்கடலில் இறாலுக்கு வலை வீசி மூன்று தங்கைமாரைக் கரைசேர்த்தவருக்கும், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் முதன்முதலாக உயர்தரம் வரை படித்துப் பின் சங்கக்கடையில் நிறுவை நிறுத்தவருக்கும்தான் நாங்கள் நடந்து திரிந்து கேட்க வேண்டியிருக்கின்றது. அந்த உழைப்பு வேண்டியவர்களுக்கு அதைக் கொடுப்பதே முறை என்று நினைக்கின்றேன். இயக்கத்தில் இணைந்து இறந்தவர்களுக்கும் அதே ஒரு பக்கம்தான்; அதில் இயக்கப் பெயரல்லாமல் பள்ளி இடாப்பில் இருந்த பெயரும் வகுப்பும் விளையாட்டும் நண்பர்களும் வருவார்கள். அவர்களுடைய தாய்மார் சிலர், அந்தப் பழைய பெயரால் பிள்ளையைப் பற்றி ஒருவர் விசாரித்து நெடுங்காலம் ஆயிற்று என்றனர்.

படித்துக்கொண்டிருந்தபோதே இறந்தவர்களைப் பழைய மாணவர் என்று சொல்லலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 2006 ஆகஸ்ட் 14 காலை வள்ளிபுனத்தில் விமானக் குண்டுவீச்சில் உயிரிழந்த மாணவிகளை நினைத்தே அவர் கேட்டார். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல பாடசாலைகளிலிருந்து சென்றிருந்த உயர்தரப் பிள்ளைகள் அவர்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் அவர்களுக்கு விளக்கேற்றுகின்றோம். ஆனால் அந்த ஒரு காலைக்குள் அவர்களை அடைத்துவிட்டோம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. பதினேழு ஆண்டுகள் வாழ்ந்த பிள்ளைக்கும் எழுதுவதற்கு வாழ்க்கை இருக்கின்றது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு யாரோடு போனாள், எந்தப் பாடத்தில் இடர்ப்பட்டாள், வளர்ந்து என்னவாக வேண்டும் என்றாள் என்பதைக் கேட்டால் தோழிகள் இன்றும் சொல்வார்கள். அப்படி இறந்த பிள்ளைகளையும் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் விடயத்தில்தான் நான் மிகவும் தடுமாறினேன். நீண்ட காலம் தகவல் இல்லாதவரின் இறப்பைப் பதிவுசெய்து சான்றிதழ் பெற 2010இல் ஒரு சட்டம் வந்தது. இறந்ததாகச் சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016இல் சட்டமாயிற்று. இரண்டையும் வேண்டாம் என்று சொல்லி, பிள்ளை எங்கே என்ற ஒரே கேள்வியோடு, 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலும், அடுத்த மாதத்திலிருந்து முல்லைத்தீவிலும் தாய்மார் தொடர்ந்து அமர்ந்தார்கள். அவர்களிடையே எங்கள் கல்லூரி மாணவர்களின் தாய்மாரும் இருக்கின்றனர். அரசாங்கம் கொடுத்தும் அவர்கள் வாங்க மறுத்த ஒன்றை, ஒரு நினைவுநூலின் பக்கமாக நான் எப்படிக் கொண்டு போய்க் கொடுப்பது?

ஆனாலும் ஒரு தாயிடம் போனேன். நூலைப் பற்றிச் சொல்லவே கூச்சமாயிருந்தது. அவர் வாங்கில் ஒரு துவாயை விரித்து என்னை இருக்கச் சொன்னார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பின்னர், "நீங்கள் அவனைப் பற்றி எழுதத்தான் வேணும் தம்பி. ஆனா அந்தப் புத்தகத்தில இல்லை" என்றார். அப்படியானால் எதில் எழுதுவது என்று கேட்டேன். "அது நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ. நான் சொல்லுறதை எழுதிக்கொண்டு போங்கோ." இரண்டு மணிநேரம் சொன்னார். நான் முன்பே எழுதி வைத்திருந்த குறிப்பில் அமைதியான சுபாவம் என்று இருந்ததை வாசித்தபோது தடுத்து, அவன் அமைதியானவன் அல்லன், வீட்டில் வாய் ஓயாது, பாடசாலையில்தான் அடக்கம் என்றார், திருத்தினேன். அன்றிலிருந்து என்னிடம் இரண்டு குறிப்பேடுகள் இருக்கின்றன. இரண்டாவதில் உள்ள வாழ்க்கைகள் அச்சுக்குப் போகாது. அவற்றில் எல்லா வினைச்சொற்களையும் நிகழ்காலத்தில் எழுதுகின்றேன்: படிக்கின்றார், விளையாடுகின்றார், வாய் ஓயாது பேசுகின்றார்.

இனி வரிசை முறை. இறந்த ஆண்டின்படி அடுக்கலாம் என்றார் ஒருவர். அகரவரிசை என்றார் இன்னொருவர். இறந்த ஆண்டின்படி அடுக்கினால் 2009 மட்டும் நூலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மறுபடியும் சாவே நூலை ஆளும். அகரவரிசை வசதியானது. ஆனால் ஒன்றாக இருந்தவர்களை அது பிரித்துவிடும். நான் கேட்டது உயர்தர வகுப்பு ஆண்டின்படி அடுக்க வேண்டும் என்பது. ஒரே ஆண்டுக்குள், இயன்ற அளவு, வகுப்பறையில் எவர் பக்கத்தில் எவர் இருந்தார் என்று பார்த்து அடுக்க வேண்டும் என்பது. இதற்காகத் தொலைபேசியில் ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள பழைய தோழர்களோடு இரவுகளில் பேசி, வகுப்பறையின் படத்தைத் தாளில் கீறி, யன்னலோர வாங்கில் யார், கடைசி வாங்கில் யார் என்று நிரப்பி வருகின்றேன். இப்படிக் கேட்கும்போது ஒருவரும் சாவைப் பற்றிப் பேசுவதில்லை. "அவன் எனக்கு முன்னால இருந்தவன், தலையைச் சரிக்கச் சொன்னாத்தான் எனக்குக் கரும்பலகை தெரியும்" என்று தொடங்கிவிடுகின்றார்கள்.

1983ஆம் ஆண்டு உயர்தர வகுப்பின் பக்கங்களில் ஒன்று மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. என்னோடு ஒரே மேசையில் இருந்தவருடைய பக்கம் அது. மற்றவர்களுடைய பிள்ளைகளிடமும் தோழர்களிடமும் கேட்டு எழுதிய எனக்கு, இவரைப் பற்றிக் கேட்பதற்கு என்னைத் தவிர எவரும் இல்லை. பெற்றோர் போய்விட்டனர், அவர் மணம் செய்யவில்லை. நீர்ப்பாசன வேலைகளில் இருந்தவர்; சிறுபோகத்தில் கடைசி வாய்க்கால்காரருக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று இரவில் ரோச் லைற்றோடு நடந்து பார்த்தவர். எத்தனையோ தடவை எழுதத் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் அவருடைய கடைசி நாளிலேயே வந்து நின்றேன்; நானே வைத்த விதியை நானே மீறினேன். கடந்த கிழமைதான் முதல் வரி கிடைத்தது. அவர் இடக்கைக்காரர். மேசையில் நான் இடப்புறமும் அவர் வலப்புறமும் இருந்ததால், எழுதும்போது என் வலது முழங்கையும் அவருடைய இடது முழங்கையும் இடித்து, இருவர் கொப்பியிலும் மை இழுபட்டுக்கொண்டேயிருக்கும். புவியியல் ஆசிரியை ஒருநாள் பார்த்துவிட்டு இருவரையும் இடம் மாறி இருக்கச் சொன்னார். அதன் பிறகு பள்ளி முடியும் வரை அவர் இடப்புறம், நான் வலப்புறம்.

விரித்த நூலில் அவருடைய பக்கம் இடப்புறம் வரும்படி அமைக்குமாறு அச்சகத்தில் சொல்லியிருக்கின்றேன்.